காய்ச்சல் வந்தால் போகிறேன்

மாத்தூர்,
10 மார்ச் 2024

பாண்டிக்கு,

கவரைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. அக்கா நன்றாகத்தான் இருக்கிறேன். அங்கே நீயும் அம்மாவும் அப்பாவும் அப்படியே இருந்தால் போதும்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே உன் போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பா போனுக்குக் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவையே கூட்டுவார். இது தெருவுக்குப் போகிற விஷயம் இல்லை. அதனால்தான் நீ வேலை பார்க்கிற அங்கன்வாடி விலாசத்துக்கு எழுதுகிறேன். பதிலையும் அங்கிருந்தே போடு.

போன வருஷம் முழுக்க என் கை விரல் காலையில் மடங்கவே மடங்காது. வீங்கிப்போய், தொட்டால் உயிர் போகும். எழிலரசிதான் எனக்கு ஜடை பின்னிவிட்டாள். அவள் என் அறையில் இருக்கிற மணிமங்கலத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். கம்பெனி லைனில் எனக்கு சார்ஜர் போர்டில் சாக்கெட் பொருத்துகிற வேலை. இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி ஒப்பேற்றினேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். கிழடு தட்டினால் வருவது என்றுதானே நினைத்திருந்தோம்? டாக்டர், "உன் உடம்பே உன் மூட்டை எதிரின்னு நெனச்சு சண்டை போடுதும்மா" என்றார். சண்டைக்கு ஆள் சேர்க்க உடம்புக்குள்ளேயே ஒரு சேதி போகுமாம், அதற்குப் பேர் சைட்டோகைன். அது வந்து செருகிக்கொள்ள ஒவ்வொரு செல்லிலும் ஒரு இடம் உண்டாம், அதை ரிசெப்டர் என்றார். "சாக்கெட்டா சார்?" என்றேன். சிரித்துவிட்டார். "அதேதான். இந்தப் புது மருந்து போய் அந்த சாக்கெட்டை அடைச்சுக்கும். சேதி வந்தாலும் செருக இடம் இருக்காது." அதற்கு மேல் பாதி இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். வெளியே கூட்டம் கதவை இடித்துக்கொண்டிருந்தது. நானும் எல்லாம் விளங்கினவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மாசம் ஒரு டிரிப் நரம்பில் ஏற்றுவார்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருப்பதால் கைக்காசு வேண்டாம். ஆனால் சண்டையை அடக்குகிற மருந்து என்பதால் டிபிக் கிருமி கிட்டே வரவே கூடாதாம். எனக்கு ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் இல்லை. நர்ஸ் கேட்டாள்: "வூட்ல யாருக்குனா ரொம்ப நாளா இருமல் கீதா?" விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளதை உள்ளபடி எழுது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே, என் மேல் சத்தியம். மூத்தவளுக்கு முடக்குவாதம் என்று தெரிந்தால் உன்னைப் பார்க்க வருகிற ராஜபாளையத்துக்காரர்கள் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்கள்.

உன் பதிலைப் பார்த்துத்தான் மருந்தே ஆரம்பிக்கும்.

அக்கா,
முத்துச்செல்வி


அங்கன்வாடி,
24 மார்ச் 2024

என் அக்காவுக்கு,

பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். ஒரு வருஷமாக வலியோடு கிடந்திருக்கிறாய், போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். நீயெல்லாம் ஒரு அக்காவா?

அம்மா சுகம். நானும் சுகம். அப்பாவுக்கு அந்தப் பழைய பீடி இருமல்தான், நீ பார்க்காததா? கிராம நர்ஸ் சளியைச் சோதிக்கச் சொன்னாள். "எனக்கு என்னட்டி கேடு" என்று அப்பா அவளை விரட்டிவிட்டார். மற்றபடி ஒன்றும் இல்லை. தாராளமாக மருந்தை ஆரம்பி.

ராஜபாளையத்து மாப்பிள்ளை பேர் இசக்கிதுரை. மில்லில் வேலை. பெண் பார்க்க வந்தபோது தலையே நிமிரவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்று உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அம்மன் கோயில் கொடைக்கு நீ கண்டிப்பாக வர வேண்டும். அப்போதுதான் பேசி முடிக்கப் போகிறார்களாம்.

உன் விரல்களுக்கு என் முத்தம்.

பாண்டி


மாத்தூர்,
21 ஏப்ரல் 2024

அடி கல்யாணப் பொண்ணே,

தலை நிமிராத மாப்பிள்ளையையா பிடித்திருக்கிறது? நீயும் குனிந்தே நின்றிருப்பாய், இரண்டு பேரும் தரையைத்தான் பார்த்திருப்பீர்கள். சுகமாக இரு. அம்மா, அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

நீ எழுதினதை அப்படியே நர்ஸிடம் சொன்னேன், பீடி இருமல் தவிர ஒன்றும் இல்லை என்று. முதல் டிரிப் ஏறிவிட்டது. பாண்டி, இன்று காலை நானே ஜடை பின்னினேன். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், மூன்று கால் பிரித்து, ரப்பர் பேண்ட் வரைக்கும் நானே! எழிலரசி வாசலில் நின்று, "இன்னாடி இது, என் வேலைக்கே வேட்டு வெச்சுட்டியே" என்றாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

இங்கே ஹாஸ்டலில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். எனக்கும் மூக்கு ஒழுகியது, தொண்டை கட்டியது, ஆனால் உடம்பு சுடவே இல்லை. எங்கள் கம்பெனியில் உடம்பு முடியவில்லை என்று வாயால் சொன்னால் ஏறாது. ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் நெற்றியில் தெர்மாமீட்டரை நீட்டுவார்கள். நூறு காட்டினால் கேட் பாஸ், இல்லாவிட்டால் லைன். எனக்கு நார்மல். லைன் லீடர் சக்திகுமார் எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டி, "இந்த மாதிரி உடம்பு இருந்தா ஓ.டி.க்கு ஆளே தேட வேணாம்" என்றார். தீபாவளி தாண்டினதும் பெர்மனன்ட் ஆக்கப் போகிறார்களாம், என் பேரும் போயிருக்கிறதாம். பெர்மனன்ட் ஆகிவிட்டால் அப்புறம் என் கையைப் பற்றி எவனும் கேள்வி கேட்க முடியாது.

கொடைக்கு லீவு சொல்லிவிட்டேன். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாளே வந்துவிடுவேன்.

முத்து


அங்கன்வாடி,
19 மே 2024

அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ கிடைத்ததா? நீ போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இந்தத் தடவை கொடை நிறைவாக இருந்தது. காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது என்பதால்தான் நீ அத்தனை நாள் எங்களோடு இருந்தாய். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே ஓடியிருப்பாய். நம் ஒற்றை அறையில் நான்கு பேரும் வரிசையாகப் படுத்தது சின்ன வயசு மாதிரி இருந்தது. அப்பா உன் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. மூத்த மகள் வந்தால் அவருக்கு வேறு யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

அவர் மெலிந்துவிட்டதாகப் போகும்போது சொன்னாய். வெயில் அக்கா, வேறென்ன. நீ அதைப் பற்றி யோசிக்காதே.

கல்யாணம் தையில். பூ வைத்துப் போய்விட்டார்கள்.

பாண்டி


மாத்தூர்,
30 ஜூன் 2024

பாண்டிக்கு,

வீட்டில் எல்லாரும் எப்படி? உண்மையிலேயே எப்படி என்று கேட்கிறேன்.

எனக்கு இருமல் விடவில்லை. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, சோறு இறங்கவில்லை. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது. எழிலரசி பிடித்துத் தள்ளாத குறையாக ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்கு அனுப்பினாள். நர்ஸ் தெர்மாமீட்டரை நீட்டினாள். "நார்மல்தான்மா, தண்ணி குடி, லைனுக்குப் போ." அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வேலை அதுதான்.

ஆனால் ஒன்று மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. கொடையில் அப்பா தெருவோரம் துப்பிவிட்டு, நான் வருவதைப் பார்த்ததும் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். நான் கேட்டேன், "வெத்தல போட்டேன் தாயி" என்றார். அப்பா எப்போது வெற்றிலை போட்டார்? ஏட்டி, என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிற மாதிரி நினைத்துக்கொண்டு எழுது. அது பீடி இருமல்தானா?

முத்து


அங்கன்வாடி,
25 ஆகஸ்ட் 2024

அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். வேறு என்ன எழுதித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாசமாக இதை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். அப்பாவுக்கு டிபி. சித்திரையில் ரத்தமாகத் துப்பினார், நர்ஸ் வற்புறுத்திச் சளியைச் சோதித்தாள். கொடைக்கு முந்தின வாரமே எங்களுக்குத் தெரியும். உன்னை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். மருந்து விஷயத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருப்பாள். நீ சத்தியம் வாங்கியிருந்தாய், நான் சொல்லவில்லை. "மூத்தவ கொடைக்கு வராம இருந்தா ராஜபாளையத்து ஆளுக நூறு கேள்வி கேப்பாக" என்றாள் அம்மா. அப்புறம் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அக்கா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும் என்று இருந்தது. அதுதான் உண்மை.

அப்பா மாத்திரை சாப்பிடுகிறார். நர்ஸ் பொழுது சாய்ந்த பிறகு பின் வாசல் வழியாக வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள்.

நீ உடனே டாக்டரிடம் போ, உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஆனால் உனக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறாயே? அப்பாவுக்குச் சாயங்காலமானால் அனலாகக் கொதிக்கும். காய்ச்சல் இல்லை என்றால் அது இல்லைதானே அக்கா?

பாண்டி


மாத்தூர்,
8 செப்டம்பர் 2024

பாண்டிச்செல்விக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

படுபாவி. நீ எழுதின கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். "தாராளமாக ஆரம்பி" என்று எழுதினவள் நீ. அப்பா இருமிக்கொண்டே என் தலையைக் கோதிவிட்டார், பக்கத்தில் நீ பாயை விரித்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு மாப்பிள்ளை முக்கியம், அம்மாவுக்கு ஊர் முக்கியம். நான் யாருக்கு?

சரி. திட்டியாகிவிட்டது. இப்போது கேள்.

டாக்டரிடம் போய் அப்பாவுக்கு டிபி என்று சொன்னால் அன்றே டிரிப்பை நிறுத்துவார். நிறுத்தினால் சில வாரத்தில் கை பழையபடி கட்டை. கட்டைக் கையை வைத்து எவன் பெர்மனன்ட் ஆக்குவான்? மருந்து இல்லாமல் அந்த வலியை நீ பார்த்ததில்லை. தீபாவளி தாண்டட்டும், பெர்மனன்ட் ஆர்டர் கையில் வரட்டும், அடுத்த நாளே போய் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

போன தடவை டிரிப்புக்குப் போனபோது பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு போனேன், இருமவே இல்லை. ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டுகிற அளவு துளிகூட ஏறவில்லை என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். காய்ச்சலும் கிடையாது. நீயே எழுதியிருக்கிறாய், அப்பாவுக்கு அனலாகக் கொதிக்கும் என்று. எனக்கு ஜில்லென்று இருக்கிறது. இது லைனில் போடுகிற ஏ.சி.யால் வந்த இருமலாகத்தான் இருக்கும்.

காய்ச்சல் வந்தால் அன்றே போகிறேன், சத்தியம். நீ அழாதே. கல்யாணப் பெண் கண் வீங்கி நிற்கக் கூடாது.

முத்து


அங்கன்வாடி,
6 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நீ திட்டினது எனக்கு ஆறுதலாக இருந்தது. திட்டாமல் இருந்திருந்தால் செத்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இத்துடன் ஒரு தெர்மாமீட்டர் அனுப்பியிருக்கிறேன். சங்கரன்கோவில் மருந்துக் கடையில் வாங்கினது. நெற்றியில் காட்டுவதை நம்பாதே, அது ஏ.சி. காற்றுக்குக் குறைத்துக் காட்டும். இதை நாக்குக்கு அடியில் வை. காலையும் சாயங்காலமும் பார். நூறைத் தொட்டால் ஷிப்டாவது மண்ணாவது, போட்டது போட்டபடி கிளம்பிவிட வேண்டும். தொடாத வரைக்கும் நானும் நிம்மதியாக இருப்பேன்.

அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். மூத்தவள் ஏன் போனில் சரியாகப் பேசமாட்டேன் என்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன சொல்லட்டும்?

பாண்டி


மாத்தூர்,
17 நவம்பர் 2024

பாண்டிச்செல்விக்கு,

நான் எழிலரசி, முத்து அக்கா ரூம்ல கீற பொண்ணு. நீங்க நல்லா இருக்கணும். எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் இல்லை, தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க. போன் பண்ணக் கூடாதுன்னு அக்கா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிடுச்சு.

தீபாவளி முடிஞ்சு வேலைக்கு வந்த வாரமே அக்கா லைன்ல மயங்கி விழுந்துடுச்சு. சக்திகுமார் அண்ணன்தான் வண்டியில போட்டுக்கினு போனாரு. இப்போ ஆஸ்பத்திரியில கீது. டிபியாம். நுரையீரல் ரெண்டும் போயி, வயித்துலயும் பரவிக்கீதாம்.

எனக்கு வயித்தெரிச்சல் தாங்கலை. டாக்டர்கிட்ட கத்திட்டேன். தினம் ரெண்டு வேளை நாக்குக்கு அடியில வெச்சுப் பாத்துச்சு சார், நான்தான் கூடவே உக்காந்து பாத்தேன், ஒரு நாள்கூட ஏறலையே, எப்படி சார் டிபின்னேன். அவரு கேஸ் ஷீட்டைப் பொரட்டிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "காய்ச்சல் வரணும்னாலும் அதே ரிசெப்டர் வழியாத்தான்மா சேதி போகணும். மருந்து அதை அடைச்சு வெச்சிருக்கு. உள்ள வீடே எரிஞ்சாலும் வெளிய சூடு தெரியாது. ரத்தப் பரிசோதனையிலயும் தெரியாது. அதனாலதான் சின்ன இருமல்னாலும் வந்து சொல்லுன்னு மொதல் நாளே சொன்னேன்." அக்கா கண்ணை மூடிக்கினே கேட்டுச்சு. "அது இங்கிலீஷ்ல சொன்னீங்க சார்"னு மட்டும் சொல்லிச்சு.

வூட்ல யாருக்கு டிபின்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லைன்னு சொல்லிடுச்சு. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கினு, "சொன்னா ஊருக்கு ஆள் அனுப்பி எல்லாரையும் சோதிப்பாங்க எழிலு, பாண்டி கல்யாணம் நின்னுடும்"னுச்சு. பிடிச்சுக்கினுதுன்னு எழுதிட்டேன். பிடிக்கல. டிரிப் நிறுத்தினதுல விரல் எல்லாம் மடங்கிக்கிச்சு, என் கை மேல வெச்சுக்கினுது, அவ்ளோதான்.

பெர்மனன்ட் ஆர்டர் வந்துச்சு. தலைமாட்டுல வெச்சிருக்கேன்.

எழிலரசி


ஆஸ்பத்திரி,
24 நவம்பர் 2024

பாண்டிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல எழில் எழுதுகிறாள். அவள் தன் பாஷையில் மாற்றி எழுதினால் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பரவாயில்லை. டிபிக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். கைதான் வலிக்கிறது. நீ கிளம்பி வரக் கூடாது. வந்தால் ஆஸ்பத்திரியில் உன்னைப் பிடித்துக் கேட்பார்கள், நீ பொய் சொல்லத் தெரியாமல் உளறிவிடுவாய். தையில் தாலி கழுத்தில் ஏறட்டும், அப்புறம் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அதுவரைக்கும் நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?

அன்றைக்கு உன்னைப் படுபாவி என்று எழுதிவிட்டேன். அதை மனசில் வைத்துக்கொண்டு திரியாதே. எனக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது. பசி மட்டும்தான் வரமாட்டேன் என்கிறது.

அப்பா சாப்பிடுகிறார் என்று எழுதினாயே, அது நல்ல செய்தி.

முத்து


மாத்தூர்,
15 டிசம்பர் 2024

அப்பாவுக்கு,

பாண்டி எழுதுகிறேன். தபால் கார்டில்தான் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், தெருவே படிக்கட்டும்.

சொல்லாமல் கிளம்பி வந்ததற்குத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அக்கா போனில் கூப்பிட்டால் அம்மா கல்யாணத்தைப் பற்றியே அழுகிறாள், என்னைச் சொல்லவே விடவில்லை. வியாழக்கிழமை காலையில் அக்கா செத்துப்போனாள். வந்ததிலிருந்து அவளுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன், நான்தான் ஜடை பின்னிவிட்டேன். மருந்தை நிறுத்தின பிறகும், கடைசி வரைக்கும் அவள் உடம்பு சுடவே இல்லை, சுடுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை என்றார் டாக்டர்.

இங்கேயே எரித்துவிட்டோம். எழிலரசி என்று ஒரு பிள்ளை, அவளும் நானும்தான் நின்றோம்.

வீட்டில் யாருக்கு டிபி என்று டாக்டர் மறுபடி கேட்டார். எங்கள் அப்பாவுக்கு என்று சொல்லிவிட்டேன். ஊருக்கு ஆட்கள் வருவார்கள், முன் வாசலைத் திறந்து உட்கார வையுங்கள். அம்மாவையும் சோதிக்கச் சொல்லுங்கள். என்னை இங்கேயே சோதித்துவிட்டார்கள். இசக்கிதுரை வீட்டுக்கும் இதையே ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டேன். வருகிறவர்கள் வரட்டும்.

அப்பா, உங்களால்தான் அவள் செத்தாள் என்று இனி ஊர் சொல்லும். என்னால்தான் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டு மனசு விட்டுப்போய் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பாண்டிச்செல்வி